இடது கால் செய்த வேலை

அண்ணே,

நேற்று உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சேரப்பணஞ்சேரியிலிருந்து திரும்பும்போது, ஒரகடம் சிக்னலில் புதுக் கார்களை ஏற்றிய நீள லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டேன். அது நின்றதும் பிரேக் கருகிய நாற்றம் உள்ளே வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் கண்ணாடியை முழுதாக இறக்கினேன். பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்து, பின்னால் இருந்தவனிடம் திட்டு வாங்கினேன். ரேஸ் ஓட்டினவளுக்கு இந்தக் கதி. நன்றாகச் சிரியுங்கள்.

1991. எனக்கு இருபத்திரண்டு வயது, உங்களுக்கு என்னைவிட ஐந்து வயது கூட. படப்பையில் டூவீலர் ரிப்பேர் கடை வைத்திருந்தீர்கள். மூன்று வருடமாக என் ரேஸ் கோ-கார்ட்டுக்கும் நீங்கள்தான் மெக்கானிக். தரையோடு தரையாக ஓடும் அந்தக் குட்டி வண்டிக்குக் கியரும் கிடையாது, க்ளட்ச்சும் கிடையாது. வலது காலுக்கு ஆக்ஸிலேட்டர், இடது காலுக்குப் பிரேக், அவ்வளவுதான். அதில் நான் ஆம்பிளைகளை முந்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, ஒரு முதலாளி தன் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டக் கூப்பிட்டார். என் மெக்கானிக்கும் வந்தால்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன். உங்களுக்கும் மாதச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அந்த வேலையை நம்பித்தான் உங்களுக்குப் பெண் பேசி முடித்தார்கள்.

இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் முதல் நாள் பயிற்சி. மூன்று சுற்று ஒழுங்காகத்தான் ஓட்டினேன். நாலாவது சுற்றில் நேர்ப்பாதை முடிந்து வளைவு வந்தபோது வேகம் கொஞ்சம் அதிகம், பதற்றம் அதைவிட அதிகம். பழக்கதோஷத்தில் இடது காலை ஓங்கி மிதித்தேன். இந்தக் காரில் அங்கே இருந்தது க்ளட்ச்; பிரேக் வலது காலுக்கு. கார் என்னை மதிக்காமல் நேராகப் போய் டயர் அடுக்கில் முட்டி நின்றது.

எனக்கு ஒரு கீறலும் இல்லை. காருக்குத்தான் மூஞ்சி போய்விட்டது. முதலாளியோடு பத்துப் பேர் ஓடி வந்தார்கள். "பொம்பள கையில வண்டியக் குடுத்தா..." என்று ஒருத்தர் ஆரம்பிப்பது காதில் விழுந்தது. அவர் முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"பிரேக் பிடிக்கல சார்."

எல்லாத் தலையும் உங்கள் பக்கம் திரும்பியது. அந்தப் பிரேக்கைப் பூட்டியவர் நீங்கள். குனிந்து பெடலைக் கையால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தீர்கள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றீர்கள். நாளை சாயந்திரத்துக்குள் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்று முதலாளி சொன்னார். நான் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நீங்கள் ஸ்பேனர்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் போய் நின்று "அண்ணே" என்றேன். நீங்கள் நிமிரவே இல்லை.

"தெரியும்மா. வளைவாண்ட சத்தம் கேட்டுக்கினுதான் இருந்தேன். ஆக்ஸிலேட்டர வுட்டா இஞ்சின் கத்திக்கினேதான் எறங்கும். நேத்து சட்னு அடங்கிப்போச்சு. க்ளட்ச்ச மெரிச்சாதான் அப்டி அடங்கும்."

"அப்ப ஏன் நீங்க வாயத் தொறக்கல?"

"சொன்னா உன்ன மறுக்கா உக்கார வெப்பானுங்களா? எனுக்குக் கடை கீது. உனுக்கு இன்னா கீது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொன்னவள் நான், கோபம் உங்கள் மேல். நீங்கள் இப்படிப் பெரிய மனுஷராகிவிட்டால் நான் எந்த முகத்தோடு இனி அந்த சீட்டில் உட்காருவது? விறுவிறுவென்று போய் முதலாளியிடம், எல்லோரும் இருக்கும்போதே, பிரேக்கில் கோளாறு இல்லை, என் காலில்தான் கோளாறு என்று சொன்னேன். ஒருத்தர் சத்தமாகவே சிரித்தார். முதலாளி கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துவிட்டு, உங்களைக் கூப்பிட்டு, "இது ரிப்பேர் ஆகுமா?" என்று கேட்டார்.

"ஒரு வாரம் குடுங்க சார்" என்றீர்கள்.

அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் கணுக்கால் வலிக்கிறது. வலது காலில் என் கான்வாஸ் ஷூ, இடது காலில் இரும்பு மூக்கு வைத்த உங்கள் கனத்த பூட்ஸ். காரை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு எதிரே நிற்பீர்கள். நீங்கள் கையைத் தூக்கினால் நான் பிரேக் போட வேண்டும். இடது கால் லேசாக அசைந்தாலும் பானெட்டில் டங்கென்று ஸ்பேனர் விழும். "அத்தத் தூங்க வுடும்மா! கியர் மாத்தக் கூப்ட்டா மட்டும் அது வரட்டும்!"

காரையும் சரிசெய்து ஓட்டிய முதல் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தேன். எல்லோரும் கைகொடுத்துக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் சக்கரத்துக்குள் கைவிட்டு பிரேக்கைத் தொட்டு, சுட்டுக்கொண்டு, கையை உதறினீர்கள். "நல்லாத்தான் மெரிச்சிக்கீற" என்றீர்கள். அதன் பிறகு ஏழு வருடம் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓட்டினேன். ஏழு வருடமும் என் பிரேக்கைப் பூட்டியவர் நீங்கள்தான்.

ஆனால் அந்த ஒரு நாள் எனக்குள் அப்படியே கிடந்தது. உங்கள் பேர் கெட்டுக்கிடந்த ஒரு முழு நாள். அதைப் பற்றி உங்களிடம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் வீட்டில் என்ன சொல்லிவைத்திருக்கிறீர்களோ என்ற பயத்தோடுதான் நேற்று பந்தலுக்குள் நுழைந்தேன்.

உங்கள் மகள் என் கையைப் பிடித்துச் சொந்தக்காரர்கள் முன்னால் நிறுத்தினாள். "இவுங்கதான். வண்டி இடிச்சதும் அப்பாவத்தான் எல்லாரும் மொறைச்சாங்களாம். இவுங்க ஹெல்மெட்டக்கூட கழட்டாம, தப்பு என்னுதுன்னு அங்கியே சொல்லிட்டாங்களாம்."

"இல்லம்மா, மறுநாள்தான் சொன்னேன்" என்றேன்.

அழுது வீங்கிய கண்ணோடு அந்தப் பெண் சிரித்தாள். "அதுவும் சொல்லிக்கீறாரு. அந்தப் பொண்ணு என்னிக்காவது வந்து மறுநாள்னு சொல்லும், நம்பாதீங்கன்னு."

அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், அண்ணே. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நிம்மதியான அழுகை. அந்த ஒரு நாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதைத் தூக்கிப் போட மாட்டேன். ஆனால் நேற்றிலிருந்து அது கனக்கவில்லை.