சீனிக் கிரீடத்துக்குத் தங்க நிறம்

12 மே 1983, வியாழன்

"மஞ்சள் பூசினா ஏன்ப்பா தங்கமாத் தெரியல?" என்று மகள் மலர் சின்ன வயதில் கேட்டாள். ஓவிய வாத்தியாராக இருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அவள் கல்யாணத்தன்று நான் சொன்ன ஒரு கடுஞ்சொல்லால் ஆறு வருஷமாக இந்தப் பக்கம் வரவில்லை. பேரன் பிறந்தநாளுக்கு நாளை வருவதாக எழுதியிருக்கிறாள். தல்லாகுளம் பேக்கரியில் கேக் சொன்னேன். அதன் மேல் வைக்கும் சீனிக் கிரீடத்துக்கு நானே தங்க நிறம் பூசுவதாகச் சொல்லி உட்கார்ந்தேன். காகிதத்துக்குக் கலக்கிற மாதிரியே மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துவிட்டேன். தூரிகை தொட்ட இடமெல்லாம் கரைந்து குழி விழுந்தது.

"வாத்தியாரே, இது டிராயிங் நோட்டு இல்ல, சீனி! தண்ணி பட்டா அம்புட்டும் போச்சு" என்று பேக்கரிக்காரர் செபாஸ்டின் சிரித்தார். வேறு கிரீடம் செய்து, சன்னமான வெள்ளித் தகடான ரேக்கு ஒட்டி, தண்ணீருக்குப் பதில் எசன்ஸில் குழைத்த மஞ்சளை அதன்மேல் மெல்லிசாகப் பூசச் சொன்னார். பூசினேன். தங்கமேதான்.

நாளைதான் வருகிறாள் என்று தெரிந்தும் இன்று சாயங்காலம் இரண்டு முறை பஸ் நிறுத்தம் வரை போய் வந்தேன். அவள் மனம் மாறிவிட்டால் என்ன செய்வேன்?

எனக்கே எழுதி வைக்கிறேன்: வந்தால், கேக்கைக் காட்ட அவசரப்படாதே. கதவைத் திறந்ததும் முதலில் மன்னிப்புக் கேள்.