பனிக்கால விருந்தினரை வரவேண்டாம் என்று சொன்ன குற்றம் குறித்து

அனுப்புநர்:
சுஷ்மிலா நேகி, க/பெ. பிஷன் சிங் நேகி,
நேகி ஹோம்ஸ்டே, மேல் கடைவீதி,
தோர்மாங், இமாச்சலப் பிரதேசம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்டத் தலைமையகம்.

பொருள்: சுற்றுலாவுக்குக் களங்கம் விளைவித்ததாக எனக்கு வந்த அறிவிப்பை ரத்து செய்யவும், பனிக்காலத்தில் மருத்துவரையும் பனி தள்ளும் இயந்திரத்தையும் தோர்மாங்கிலேயே இருத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தோர்மாங்கில் அக்டோபர் முடிந்ததும் விருந்தினர் அறைகளைப் பூட்டிவிடுவது வழக்கம். சென்ற செப்டம்பரில் மாவட்டச் சுற்றுலா அலுவலர் எங்களைக் கூட்டி, இனி பன்னிரண்டு மாதமும் சுற்றுலா, யாரும் பூட்டக்கூடாது என்றார். ஆறு மாதம் பிழைப்பு, ஆறு மாதம் காத்திருப்பு என்று வாழ்பவர்கள் மறுப்போமா? இரண்டே இரண்டு கேட்டோம்: பாதைக்கு இயந்திரம், ஊருக்கு மருத்துவர். இரண்டும் உண்டு என்றார். அதை நம்பி அறைதோறும் விறகடுப்பு வைத்தேன். குழாய்களுக்குக் கம்பளி சுற்றினேன்.

2. ஜனவரி 5 அன்று பனித் திருவிழாவில் இயந்திரத்துக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். மறுநாள் காலை அது மலையிறங்கிக்கொண்டிருந்தது. வழிமறித்துக் கேட்டேன். ஓட்டுநர் என் முகம் பார்க்காமல், "படம் புடிக்கத்தான் அக்கா கொண்டாரச் சொன்னாங்க. டீசல்கூட திரும்பிப் போற அளவுக்குத்தான் ஊத்தியிருக்கு" என்றார். மருத்துவரை டிசம்பரிலேயே மாற்றுப் பணிக்குக் கீழே அனுப்பிவிட்டதும் அன்றுதான் தெரிந்தது.

3. ஜனவரி 14 காலையில், என் வீட்டில் தங்கியிருந்த லூதியானா ஆசிரியை ஹர்பன்ஸ் கவுர் முற்றத்தில் உறைபனி வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது. பாதையில் இடுப்பளவு பனி. சுற்றுலா அலுவலகத்துக்கு ஒன்பது முறை தொலைபேசினேன். இயந்திரத்துக்குக் கோப்பு போயிருப்பதாகச் சொன்னார்கள். ஊர் ஆண்கள் பதினொரு பேர் அவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி, கீழூர்வரை சுமந்தார்கள். நானும் உடன் நடந்தேன். அந்த அம்மாள் வழிநெடுக என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால உங்களுக்கெல்லாம் எவ்வளவு சிரமம், மகளே" என்று மன்னிப்புக் கேட்டபடி வந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரா, ஐயா?

அவர் அறுவைசிகிச்சைக்குப் பின் தேறிவருகிறார். கட்டிலின் முன்காலைக் கடைசிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்காத என் கொழுந்தன் தேஜ்ராமுக்கு, உறைபனியின் குளிரில் வலது காலின் இரண்டு விரல்கள் கருகி, வெட்டி எடுக்கப்பட்டன. தொலைபேசியில் நலம் கேட்டு நான் அழுததும், "ரெண்டு வெரல்தானே அண்ணி. இனி சாக்ஸ் கொஞ்சம் லூசா இருக்கும், அவ்ளோதான்" என்றார். அவர் மலையேற்ற வழிகாட்டி. இனி எந்த மலைக்கு யாரை அழைத்துப் போவார்?

4. அந்த வாரம் வரவிருந்த நான்கு குடும்பங்களை நான் தொலைபேசியில் அழைத்து, பாதை இல்லை, மருத்துவர் இல்லை, இப்போது வரவேண்டாம் என்றேன். இதற்குத்தான் சுற்றுலா அலுவலகத்தின் அறிவிப்பு. விருந்தினரை அச்சுறுத்தினேனாம், என் ஹோம்ஸ்டேயின் பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று பிப்ரவரி 20 அன்று தலைமையகத்தில் வந்து விளக்க வேண்டுமாம். பனித் திருவிழா மாபெரும் வெற்றி என்று அதில் இருக்கிறது. ஹர்பன்ஸ் கவுரைப் பற்றியோ தேஜ்ராமைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

5. பனிக்காலச் சுற்றுலா எங்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். ஆனால் ஒருவரை வீட்டுக்கு அழைத்தால், பத்திரமாகத் திருப்பி அனுப்பும் பொறுப்பும் நம்முடையதே. எனவே அறிவிப்பை ரத்து செய்து, நவம்பர் முதல் மார்ச் வரை மருத்துவரையும், டீசலோடும் ஓட்டுநரோடும் இயந்திரத்தையும் இங்கேயே இருத்தி, தேஜ்ராமுக்கு உரிய நிவாரணம் வழங்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

பாதை இன்னும் திறக்காததால் 20ஆம் தேதி என்னால் வர இயலாது. விசாரணைக்கு நான் அஞ்சவில்லை. சுற்றுலா அலுவலரை அனுப்பி அதைத் தோர்மாங்கிலேயே நடத்துங்கள். அவர் வரும் நாளைத் தெரிவித்தால் அறையைச் சூடாக்கி வைக்கிறேன். கிளம்பும் முன் பாதை எப்படி என்று கேட்டால், அவரிடமும் உண்மையைத்தான் சொல்வேன்.

இடம்: தோர்மாங்
நாள்: பிப்ரவரி 11

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சுஷ்மிலா நேகி