சின்ன உலையின் மின்சாரக் கணக்கு

வெண்கடல் கரை,
அக்டோபர் மாதம்.

அன்புப் பேத்தி ஆக்னியாவுக்கு, பாட்டி பரஸ்கேவா எழுதுவது. நான் நலம். முழங்காலுக்கும் எனக்கும்தான் பேச்சுவார்த்தை இல்லை. தபாலில் போட்டால் உங்கள் ஊரில் யாரோ பிரித்துப் படித்துவிட்டு, ஒழுங்காக ஒட்டக்கூடத் தெரியாமல் அனுப்புகிறார்கள். அதனால் இதை ரயிலில் வேலை பார்க்கும் லிதியாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஸோயாவின் ஆடு மறுபடியும் என் முட்டைக்கோஸைத் தின்றது. ஆட்டை மன்னித்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். லீவில் வந்தபோது சாப்பாட்டு மேஜையில் நீ சொன்னது எனக்குள் இறங்கவே இல்லை. பழைய டீசல் நீர்மூழ்கியின் அடியில் சின்ன அணு உலை ஒன்றைப் பொருத்தப் போகிறீர்கள். அது பேட்டரிக்கு விடாமல் மின்சாரம் ஊட்டும், கப்பல் காற்றுக்காக மேலே வர வேண்டாம். சந்தோஷம். எதற்கு எவ்வளவு மின்சாரம் என்று கூட்டிச் சொல்வது உன் வேலை. மோட்டார், பம்பு, விளக்கு, சமையல் அடுப்பு, சூடேற்றி, காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரம் எல்லாவற்றையும் கூட்டினால் சின்ன உலை தருவதைத் தாண்டிவிடுகிறதாம். அதற்கு உன் மேலதிகாரி, "சூட்டையும் காத்தையும் பாதியாப் போடும்மா. மாலுமி ரெண்டு கோட்டு மாட்டிக்குவான், கொஞ்சம் மெதுவா மூச்சு விடுவான்" என்றாராம். சொல்லிவிட்டு நீ சிரித்தாய். உன் அம்மாகூட, "ஏம்மா இப்படி உம்முனு இருக்கே, சூப்புல உப்பு இல்லையா?" என்று என்னைக் கேட்டாள்.

உப்பு இருந்தது. எனக்கு உன் தாத்தா யெஃபிமின் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் டீசல் நீர்மூழ்கியில் எலக்ட்ரீஷியன். புதுக் கப்பலைக் கடற்படை வாங்கும் முன் சோதனைக் குழு ஒன்று ஏறும். அவர் கப்பலில் அது ஏறிய அன்று, தண்ணீருக்கடியில் போனபோது சொன்ன வேகம் வரவில்லை. உடனே அடுப்பு, சூடேற்றி, காற்று எந்திரம் எல்லாவற்றையும் அணைத்து, மிச்சப்பட்ட மின்சாரத்தை மோட்டாருக்கு விட்டார்கள். வேகம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். "அணைச்சதை எப்போ போடுறது?" என்று யெஃபிம் கேட்டார். குழுவில் இருந்த இளம் இன்ஜினியர் அவர் தோளைத் தட்டி, "இன்னிக்கு ஒரு நாள் தாங்கிக்கப்பா" என்றான். அன்று சாயங்காலம் அவனும் நம் வீட்டுக்கு வந்தான். என் மீன் அடையை மூன்று தடவை வாங்கித் தின்றுவிட்டு, "உங்க கைக்கு மெடல் குத்தணும் அக்கா" என்றான்.

அந்தக் குழு எழுதிக்கொடுத்த வேகத்தைத்தான் தளபதிகள் ஒவ்வொரு பயணத்திலும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் காற்று எந்திரம் நின்றது. மண்டையைக் கோடாலியால் பிளப்பதுபோல வலிக்கும் என்பார் உன் தாத்தா. கடைசியில் நெஞ்சு போயிற்று. ஜனவரிக் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்து அதன் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பார். உன் அம்மா கம்பளி பூட்ஸோடு தூங்கி வளர்ந்தவள். அவர் போனபோது, வெளியே பேசக் கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதனால்தான் உனக்கு "நெஞ்சு நோய்" என்று மட்டும் சொல்லிவைத்தோம்.

நீ காட்டிய ஆபீஸ் போட்டோவில் நடுவில் நிற்கிறாரே உன் மேலதிகாரி, அவன்தான் அந்த இன்ஜினியர். தலைமயிர் போய்விட்டது. காதோரத்து மரு போகவில்லை. மூன்று தடவை பரிமாறியவள் நான், எனக்குத் தப்பாது.

எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் எல்லாம் அந்த உலைக்குள்ளேயே அடங்கும் என்று நீதான் அன்று சொன்னாய். அதையே எழுதிக்கொடு. உனக்கும் அர்த்யோமுக்கும் ஆபீஸில் தருவதாகச் சொன்ன வீடு கையைவிட்டுப் போகலாம், தெரிந்துதான் சொல்கிறேன். போனால் இங்கே வாருங்கள். உன் புருஷன் குறட்டையையும் பொறுத்துக்கொள்கிறேன்.

பாதியாகப் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாலும் கதவைத் திறப்பேன், சோறு போடுவேன். ஆனால் என்னை உனக்குத் தெரியும். நான் மன்னிக்காதவர்கள் எல்லோரும் என் தலைக்குள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காதோரத்து மருக்காரன் பக்கத்தில் உன்னையும் உட்கார வைக்கும்படி செய்துவிடாதே, கண்ணே. இந்த வயதில் அது என்னால் ஆகாது.

உன் நெற்றியில் சிலுவைக் குறி இடுகிறேன். உனக்கும், அந்த இரும்புக்குள் இறங்கப்போகிற பிள்ளைகளுக்கும் நல்ல காற்று கிடைக்கட்டும்.

உன் பாட்டி,
பரஸ்கேவா