மேடைக் குரல், வீட்டுக் குரல்

2023 மார்ச் 4
டீக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்றேன். மாஸ்டருக்குப் புரியவில்லை, எழுதிக் காட்டினேன். கடைக்குச் சரி. வீட்டில்? பொன்னுத்தாய்க்கு எழுத்து தெரியாது. நாக்கு நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். முழுசாகப் போனபின் கட்டின பொண்டாட்டியிடம் எப்படிப் பேசுவது?

மார்ச் 11
சென்னையிலிருந்து மகள் தங்கமணி வந்து போனில் ஏதோ போட்டுக் கொடுத்தாள். திரையில் வருகிற வாக்கியங்களை நான் படித்துக்கொண்டே வந்தால் என் குழறலை அது பழகிக்கொள்ளுமாம். பிறகு நான் குழறினாலும் அது தெளிவாகத் திருப்பிச் சொல்லுமாம். பார்ப்போம்.

மார்ச் 12
போனை எதிரே நிறுத்தியதும் மைக் ஞாபகம் வந்து எழுந்து நின்றுவிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டு, தொண்டையைச் செருமி – 'நாளை மழை வரலாம்' என்பதைக்கூட முழங்கினேன். அடடா, ஊர் ஊராகப் போய்ப் பேசிய அந்த விவசாயக் கூலிப் போராட்ட நாட்கள்! திருத்துறைப்பூண்டிப் பக்கம் மிராசுதார்கள் மைக் வைக்கவே விடமாட்டார்கள். களத்துமேட்டில் நின்று பேசினால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடவு நடுகிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதில் ஒருத்திதான் பொன்னுத்தாய். என்ன குரல் அது! எங்கே போச்சு?

மார்ச் 26
பாழாய்ப்போன போன். எழுந்து நின்று முழங்கினால் புரிகிறது. படுத்தபடி தண்ணி கேட்டால் கண்டதையும் உளறுகிறது. தூக்கி எறியப் போனேன். பொன்னுத்தாய் பிடுங்கிக்கொண்டாள்.
"கூட்டத்துல பேசுற மாதிரியே பேசிக் குடுத்தா அதுக்கு அதுதானே தெரியும்? எங்கிட்ட பேசுற மாதிரி பேசுங்க."
நியாயம்தான்.

ஏப்ரல் 2
முதலிலிருந்து மறுபடி. வாக்கியங்களை நாமே எழுதிக்கொள்ளலாம் என்றாள் தங்கமணி. பொன்னுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறாள். எழுதியதை அவளைப் பார்த்தே படிக்கிறேன். 'புள்ள, நான் ஜெயில்ல இருந்தப்ப நீ கொண்டாந்த கருவாட்டுக் குழம்பு...' புரியாவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்கிறாள். புரிந்ததும் திருத்துகிறாள்: "கருவாடு இல்ல, வயல் நத்த." ரெண்டு பேருக்கும் சிரிப்பு. தினமும் இதே வேலை. அலுக்கவில்லை.

ஜூன் 12
மேட்டூர் திறந்தாச்சாம். போனும் வீட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டது. சர்க்கரை இல்லாத டீ கிடைத்தது.

செப்டம்பர் 20
நாக்கு இன்னும் மோசம். போனே திணறுகிறது. மத்தியானம், சாப்பிட்டியா புள்ள என்று கேட்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுப்படியிலிருந்து பதில் வந்துவிட்டது.
"சாப்புட்டாச்சு. நீங்க மாத்திரையப் போடுங்க."
போனை அணைத்துப் பையில் வைத்தேன். டீக்கடைக்கு ஆகும்.