அப்பாவின் பாய் வருவதற்கு முன்

நுகுஅலோஃபா,
புதன்கிழமை.

அன்புத் தங்கை கலோலைனுக்கு, அக்கா லாவினியா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பிரிஸ்பேன் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

பழம் பறிக்கும் வேலைக்கு அங்கே வரும் விலியாமி உன்னிடம் இரண்டு கடிதம் கொடுப்பான். உறையில் இருப்பது தோகிலூப்பே அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசி. பாட்டுப் புத்தகத்துக்குள் இருக்கும் இதை நீ மட்டும் வாசி. போனில் பேசலாமே என்பாய். அத்தை இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறாள். போன் அடித்தால் முதலில் எடுப்பது அவள்தான்.

சேனை நட்டாகிவிட்டது. என் மகனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் போதகர் மாதிரியே இருக்கிறான். அம்மாவின் அறையில் இப்போது கட்டில் இல்லை, சத்துப்பொடி டப்பாக்கள்தான். வெனிலா விளைகிற நாட்டில் பிறந்த நமக்கு வெனிலா மணம் போட்ட பொடி!

போன வாரம் போனில் நீ கேட்டாய், இந்தப் பொடி வியாபாரத்தில் யாருக்குக் கீழே சேரட்டும், அத்தையா, உன்னோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் மரிடெஸா என்று. "அத்தைதான்டி, இதுல என்ன கேள்வி?" என்றேன். அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள், கலோலைன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அத்தை பொய் சொல்கிறவள் இல்லை. தான் சொல்வதை அவளே நம்புகிறாள், அதுதான் தொல்லை. அப்பாவின் கூடப்பிறந்தவளைவிட நம்பிக்கையான ஆள் யார் என்றுதான் நானும் சேர்ந்தேன். அப்பா செத்தபோது தலைமாட்டில் உட்கார்ந்தவள் அவள். அப்பாவின் பாய்களில் நல்லதை முதலில் எடுத்தவளும் அவள்தான், அப்பாவின் கூடப்பிறந்தவளுக்கு நம் வழக்கம் கொடுத்த உரிமை அது. நீயோ நானோ என்றைக்காவது அவளிடம் ஒரு "ஏன்" கேட்டதுண்டா? வியாபாரத்தில் வழிகாட்டி என்று ஒருத்தியை வைத்துக்கொண்டால் தினமும் ஏன், எதற்கு, எப்படி என்று குடைய வேண்டும். அந்த வாயை அடைத்துக்கொண்டுதான் நான் உள்ளே போனேன்.

ஒரே ஒரு தடவை, "அத்தை, இது சர்க்கரைக்கு நல்லதுன்னு டப்பாவுல போடலியே" என்று மெல்லக் கேட்டேன். "உங்கப்பன் இருந்தா என்னை இப்படிக் கேப்பானா?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் உட்காரும் ஃபினேயிடம், இந்தப் பொடி சர்க்கரைக்கு நல்லது என்று அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன். பாவி, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இப்போது வேறு பெஞ்சில் உட்காருகிறாள். என்னால் பாட முடியவில்லை, வாயை மட்டும் அசைக்கிறேன்.

மரிடெஸ் சொன்னதைச் சொல்லி நீ சிரித்தாயே: "ரெண்டு வருஷமா இருக்கேன், பெருசா ஒண்ணும் கிடைக்கல. நல்லா யோசி. வேணாம்னா விடு, டீ குடிச்சிட்டுப் போலாம்." நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்படிச் சொல்ல ஒருத்தி இல்லாமல் போனாளே என்று அழுகை வந்தது. அவளிடம் நீ சண்டை போடலாம், மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளலாம், மறுநாள் சேர்ந்து சாப்பிடலாம்.

சனிக்கிழமை அத்தை அங்கே வந்து இறங்குகிறாள். அன்று எடுத்த அப்பாவின் பாயைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறாள், உனக்குத் தருவதற்காம். அது உன் தரையில் விரிந்துவிட்டால் அதன்மேல் உட்கார்ந்து அவள் கேட்பதற்கு நீ என்ன சொல்வாய் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். சேரவே வேண்டாம் என்றுதான் என் மனசு சொல்கிறது. ஆனால் அந்தப் பாய்க்கு முன்னால் "மாட்டேன்" என்று நிற்க நம் இரண்டு பேராலும் முடியாது. அதனால் வெள்ளிக்கிழமைக்குள் மரிடெஸுக்குக் கீழே பெயரைப் பதிந்துவிடு. ஒருத்திக்குக் கீழே பதிந்தவளை இன்னொருத்தி சேர்க்க முடியாது. அத்தையே எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி இது. நீ அவளிடம் இல்லை என்றே சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் மரிடெஸிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ குடி.

யார் சொல்லிக்கொடுத்தது என்று அத்தை கேட்பாள். அக்காதான் என்று சொல். போனில் என்னைக் கிழிப்பாள். கிழிக்கட்டும், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். பாயை மட்டும் வாங்கி மடியில் வைத்துக்கொள், அது அப்பாவுடையது.

ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தையும், எனக்கு வராமல் போன "வேண்டாம்" என்ற அந்த ஒரு வார்த்தையையும் கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமை பெயரைப் பதிந்து முடித்ததும், "அக்கா, இங்கே மழை" என்று மட்டும் செய்தி அனுப்பு, அத்தை பார்த்தாலும் புரியாது. அது வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஃபினே இருக்கும் பெஞ்சுக்கு நானே எழுந்து போவேன்.

உன் அக்கா,
லாவினியா