வாரத்துக்குப் பதினான்கு முட்டை

பழனி
8.9.2025, திங்கள்

அன்புள்ள தங்கச்சி பாண்டிச்செல்விக்கு,

நேற்று ஞாயிறு காலை பத்து மணி நிலவரப்படி உன் எடை 76 கிலோ 200 கிராம். தகவல் தந்தவன் உன் மகன் மனோஜ்குமார். தான் வண்டி ஓட்டுகிற காய்கறி மண்டியிலிருந்து தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து, நாற்காலியோடு உன்னை ஏற்றி, நாற்காலியின் அடியில் பொறித்திருந்த அதன் எடையைக் கழித்துவிட்டுச் சொன்னான். ஆகஸ்ட் 12-ம் தேதி ஆஸ்பத்திரிச் சீட்டில் 83 கிலோ 400 கிராம் என்று இருக்கிறது. நகல் என்னிடம் உண்டு. இருபத்தாறு நாளில் ஏழு கிலோ இருநூறு கிராம் போயிருக்கிறது.

நீ இதில் சந்தோஷப்படுவாய் என்று தெரியும். தொண்ணூற்றொரு கிலோவில் ஆரம்பித்து, தை மாதத்துக்குள் எழுபதுக்கு வருவேன் என்று சபதம் போட்டவள் நீ. அது கால் நன்றாக இருந்தபோது போட்ட திட்டம். பீன்ஸ் காட்டில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்ட பிறகு, டயட்டீஷியன் அம்மா என் முன்னால்தான் சொன்னார்: "எலும்பு சேர்ற வரைக்கும் வெயிட் குறைக்கிற பேச்சே வேண்டாம்மா. ஆயிரத்து இருநூறு கலோரியில எலும்பு ஒட்டாது. ஆயிரத்து எண்ணூறு சாப்பிடுங்க. தினம் ரெண்டு முட்டை, பால், பயறு. கட்டுப் பிரிச்சப்புறம் ஆயிரத்து ஐநூறுக்கு வருவோம். மாசம் ஒரு கிலோ குறைஞ்சாப் போதும்." நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அக்டோபர் 14-ல் எக்ஸ்ரே. சேரவில்லை என்றால் பிளேட் வைக்கிற ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் அதே பக்கத்தில் இருக்கிறது.

உன் மதினி முருகேஸ்வரி செவ்வாய்தோறும் கேரியர் கட்டிக் கொடைக்கானல் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறாள். தவிட்டில் பொதிந்த நாட்டுக்கோழி முட்டை பதினான்கு, பயறு மாவு, ஆட்டுக்கால் சூப். இவ்வளவும் போய்ச் சேர்ந்தால் எடை எப்படி இறங்குகிறது?

போன் செய்தால் உன் மருமகள் ரோகிணிதான் எடுக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கேரியரின் மேல்தட்டில் வைக்கிறேன். மனோஜ் நேராக உன் கையில் கொடுப்பான். ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுகிறாய், யார் பரிமாறுகிறார்கள் என்று நீயே எழுது.

அன்புடன் அண்ணன்,
ஞானவேல்


வில்பட்டி
10.9.2025

அன்புள்ள அண்ணனுக்குப் பாண்டிச்செல்வி வணக்கம்.

நலம். கால்தான் தலையணை மேலேயே கெடக்கு. போன வாரம் பழைய மாவுக்கட்டை அறுத்து எடுத்துவிட்டு, பச்சை நிறத்தில் லேசாக ஒன்று போட்டுவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் பார்த்தால் பொம்மை என்பார்கள், அந்த மாதிரி.

நீங்கள் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது என்பதை மதினி உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் பேப்பர் வேலைக்காக ஊரையெல்லாம் துருவிவிட்டு, இப்போது என் வயிற்றுக்கு வந்திருக்கிறீர்கள்.

கேட்ட கணக்கு இது. காலையில் இட்லி நான்கு, முட்டை ஒன்று, பால் ஒரு டம்ளர். பதினோரு மணிக்குப் பயறு. மதியம் சோறு, பருப்பு, கீரை. சாயங்காலம் சூப். ராத்திரி தோசை, முட்டை ஒன்று. பரிமாறுவது ரோகிணி. குளிக்கவைப்பதும், கக்கூசுக்குத் தூக்கிப் போவதும் அவள்தான். மனோஜ் விடிவதற்கு முன்னால் மதுரைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனால் மத்தியானம்தான் வருகிறான். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னது நான். அவளுக்கு இப்போது பித்தம், வெள்ளனே எழுந்திருக்க முடியவில்லை. அதனால் சமையல் கொஞ்சம் பிந்துகிறது. அவ்வளவுதான்.

கேரியரில் பேரிக்காயும் பீன்ஸும் வைத்திருக்கிறேன். பேரிக்காய் மதினிக்கு. உங்களுக்குச் சர்க்கரை.

தங்கை,
பாண்டிச்செல்வி


பழனி
15.9.2025, திங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்றைய எடை 75 கிலோ 600. சொன்னது மனோஜ்.

நீ எழுதிய பட்டியலை ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையோடு ஒப்பிட்டேன். வரிசை மாறாமல் அதேதான். பயறு பதினோரு மணிக்கு என்பதுகூட. சாப்பிட்டதை எழுதுகிறவர்கள் ஒரு நாள் இட்லி, ஒரு நாள் உப்புமா என்று எழுதுவார்கள். நீ அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறாய், அல்லது யாரோ எழுத வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. உன் வீட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற மணியனிடம் பேசினேன். நானாகத்தான் கூப்பிட்டேன், மறைக்கவில்லை. அவன் சொன்னது: "அந்தப் பிள்ள தெனம் காலையில வீட்டுக்குப் பக்கவாட்டுல கல்லுல உக்காந்து முட்டை உரிச்சுத் திங்குது அண்ணே. ஒண்ணு இல்ல, ரெண்டு. யாரும் பாக்குறாங்களான்னு திரும்பித் திரும்பிப் பாக்கும்." எத்தனை நாள் என்று கேட்டேன். பத்து நாளுக்கு மேல் என்றான். குழாயடியில் வைத்து வேறு ஒருவரும் அதையே சொன்னதாகச் சொன்னான். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, அவரிடம் நான் பேசவில்லை.

மச்சான் இருந்திருந்தால் இதை நான் கேட்க வேண்டியிருக்காது. பெரும்பாறையில் காப்பித் தோட்டத்து வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள் மலைக்காட்டு வீட்டில் நிற்பாளா என்று கல்யாணத்துக்கு முன்பே கேட்டேன். மனோஜ் பிடிவாதமாக நின்றான், நீயும் தலையாட்டினாய்.

பயப்படாமல் எழுது. உனக்கு வருகிற முட்டையை அவள் தின்கிறாளா இல்லையா?

ஞானவேல்


வில்பட்டி
17.9.2025

அண்ணனுக்கு,

மணியன் டீயில் தண்ணீர் ஊற்றுவதை நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். பேச்சில் எவ்வளவு ஊற்றுகிறான் என்று தெரியாது.

அவள் மேல் உங்களுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கடுப்பு. கல்யாணப் பந்தியில் அவள் பாயசம் இரண்டாம் தடவை வாங்கியதைக்கூடச் சொல்லிக்காட்டியவர் நீங்கள். என்னை ஒருத்தரும் பட்டினி போடவில்லை. எடை இறங்குவது என் நல்லதுக்கு. என் உடம்பு எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்ல இருக்கிறது. இப்போது சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். அக்டோபர் 10 கழியட்டும், முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன். அதுவரை யாரிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டாம். மனோஜிடமும் துருவ வேண்டாம். அவன் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்படுகிறான்.

கேரியரில் பூண்டு. புதுசு, நன்றாகக் காயவையுங்கள்.

பாண்டிச்செல்வி


பழனி
22.9.2025, திங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

சனிக்கிழமை, 20-ம் தேதி, பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரும்பாறையில் சம்பந்தி அழகுமலையை அவர் வீட்டில் பார்த்தேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். வாக்குக் கொடுத்திருக்கிறேன், இப்போது சொல்ல முடியாது என்று கட்டிலில் கிடக்கிறவள் எழுதினால், மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. இப்படிப்பட்ட கடிதங்களை நான் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குரலை உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டையும் மனோஜ் சொன்ன எடைகளையும் வரிசையாக அவர் முன் வைத்தேன். மணியன் சொன்னதையும் சொன்னேன். சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, "எம்பிள்ள அடுத்தவுக சோத்துல கை வைக்கிற பிள்ள இல்லண்ணே. ஆனா நம்பர் இருக்கே" என்றார். நேற்று வில்பட்டிக்கு வருவதாகச் சொன்னார். வந்தாரா, என்ன பேசினார் என்று தெரியவில்லை. மனோஜ் போனை எடுக்கவில்லை. நேற்றைய எடையும் வரவில்லை.

எழுது.

ஞானவேல்


வில்பட்டி
1.10.2025

அண்ணனுக்கு,

போன வாரக் கேரியரை இப்போதுதான் திருப்பி அனுப்புகிறேன். எழுத மனம் வரவில்லை.

அழகுமலை அண்ணன் வந்தார். ரோகிணி தலைவாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒனக்கு முட்டை வேணும்னா அப்பனக் கேட்டிருக்கலாமேத்தா, கால் ஒடஞ்சு கெடக்குற பொம்பள வாயில இருந்தா புடுங்குவே" என்றார். எதிரே மணியன் கடையில் ஆறு பேர். நான்தான் கட்டிலில் இருந்து கத்தினேன், அவள் மூன்று மாசம் முழுகாமல் இருக்கிறாள் என்று. அவள் மறைத்து வைத்திருந்ததை நடுத்தெருவுக்குக் கேட்கிற மாதிரி நான்தான் சொன்னேன்.

போன வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லி, வளையல்வரை வாங்கி வைத்த பிறகு கலைந்தது உங்களுக்குத் தெரியும். அதனால் இந்தத் தடவை மூன்றாம் மாச ஸ்கேன் முடிகிறவரை, மனோஜையும் என்னையும் தவிர அப்பாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். அந்த ஸ்கேன்தான் அக்டோபர் 10.

ஆள் வைக்கலாம் என்றேன். "எதுக்கு ஆளுன்னு கேப்பாங்கத்தே, நானே பாத்துக்குறேன்" என்றாள். ஒரு நாளைக்கு நாலு தடவை, அண்ணா. என் கையைத் தோளில் போட்டு என்னைத் தூக்குவாள். ஒரு நாள் தூக்கிவிட்டு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றில் கை வைத்திருந்தாள். அன்றைக்கு முடிவு பண்ணினேன். சொல்லித் தடுக்க முடியாது, அவள் தூக்குகிற பாரத்தையாவது நான் குறைக்கலாம். பழைய ஆயிரத்து இருநூறுக்கே போனேன், சில நாள் அதற்கும் கீழே. முட்டையை அவளை வற்புறுத்திச் சாப்பிட வைத்தேன். அடுப்படி வாடையில் அவளுக்குக் குமட்டும். வெளிக்காற்றில் உட்கார்ந்தால்தான் உள்ளே நிற்கும். திரும்பித் திரும்பிப் பார்த்தது வாந்தி வந்தால் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று. எனக்கு வேறு முட்டை இருக்கிறது என்று அவளிடம் பொய் சொல்லியிருந்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் எண் இறங்க இறங்க எனக்கு நிம்மதி. ஏழு கிலோ குறைந்தவளைத் தூக்குவது சுலபம்தானே.

உங்கள் நோட்டில் எல்லாரும் பேசியிருக்கிறார்கள். மனோஜ், மணியன், டாக்டர், டயட்டீஷியன். ரோகிணி பேசின பக்கம் எது? எதிர்த்தரப்பைக் கேட்காமல் சேதி கொடுக்கக் கூடாது என்று சின்னப் பையன்களை எவ்வளவு ஏசியிருப்பீர்கள்.

அவள் அன்றைக்கே அப்பாவோடு போய்விட்டாள். மனோஜ் லோடுக்குப் போகாமல் என்னைப் பார்த்துக்கொள்கிறான்.

இனிக் கேரியர் வேண்டாம். கடிதமும் வேண்டாம். கேரியரைக் கழுவித்தான் அனுப்புகிறேன், உள்ளே எதுவும் வைக்கவில்லை.

பாண்டிச்செல்வி


பழனி
6.10.2025, திங்கள்

அன்புள்ள பாண்டிக்கு,

நேற்று மாலை நான்கு மணிக்கு ரோகிணி நலமாக இருந்தாள். நேரில் பார்த்தேன்.

திருத்தம் எழுதுகிறேன். என் வேலையில் அது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும். இங்கே முதலில் வருகிறது.

சனிக்கிழமை மனோஜின் மண்டிக்குப் போனேன். தராசில் நான் ஏறி நின்றேன். 63 கிலோ 500 காட்டியது. பழனியில் அன்று காலை 66. எடை போடுகிறவரிடம் கேட்டேன். "மூட்டைக்கு ரெண்டரை கிலோ சாக்குக் கழிவு அண்ணே. மெஷின்லயே போட்டு வச்சிருக்கோம், தானாக் கழிச்சுக்கிரும்" என்றார். மனோஜ் வண்டி ஓட்டுகிறவன், அவனுக்குத் தெரியவில்லை. மூட்டைக்குக் கழிக்கிறதை உனக்கும் கழித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் எடை போட்டபோது உன் காலில் இருந்த பழைய மாவுக்கட்டு புதிய கட்டைவிட இரண்டு கிலோ கனம். இது கட்டு போடும் அறையில் கேட்டது. ஆக, நான் சொன்ன ஏழு கிலோ இருநூறில் நாலரை கிலோ சாக்கும் மாவும். நீ நிஜமாக இழந்தது இரண்டு கிலோ எழுநூறு. அந்த எண்ணைத்தான் நான் ஒரு தகப்பன் முன்னால் வைத்தேன். நீயும் அதை நம்பித்தான் சாப்பிடாமல் இருந்திருக்கிறாய்.

பித்தம் என்று நீ 10-ம் தேதிக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். இரண்டு முறை படித்தேன். பட்டியலை மட்டும்தான் சரிபார்த்தேன்.

பெரும்பாறையில் அழகுமலை என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே தராசைப் பற்றிச் சொன்னேன், நான் செய்தது தவறு என்றும் சொன்னேன். "நீங்க சொன்னது கூடப் போகட்டும்ணே. பேப்பர்ல இருந்தவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எம்பிள்ளைய நானே சந்தேகப்பட்டேன் பாருங்க" என்றார்.

ரோகிணி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன், நீ என்ன சொல்கிறாய் அம்மா என்று. நோட்டை எடுக்கவில்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:

"அத்தை இப்பவாவது முட்டை சாப்புடுறாங்களா மாமா?"

தெரியாது என்றேன்.

கொண்டுபோன பதினான்கு முட்டையை அங்கே கொடுத்தேன். அழகுமலை வாங்கவில்லை, அவள் வந்து வாங்கிக்கொண்டாள். உனக்குப் பதினான்கு நாளை வருகிறது. அனுப்ப வேண்டாம் என்று நீ எழுதியது தெரியும்.

இன்னும் தெரியாதவை: ரோகிணியின் ஸ்கேன், வெள்ளிக்கிழமை, 10-ம் தேதி. அதன் பிறகே அவள் வில்பட்டி வருவதா என்று முடிவு செய்வதாக அழகுமலை சொன்னார். உன் எக்ஸ்ரே, செவ்வாய், 14-ம் தேதி. டயட்டீஷியன் அம்மாவிடம் பேசினேன். எக்ஸ்ரே எப்படி இருந்தாலும் எலும்பு முழுதாகச் சேர்கிற வரைக்கும் ஆயிரத்து எண்ணூறுதான், எழுபது என்கிற எண்ணை அடுத்த ஆனிக்குத் தள்ளிவைக்கச் சொன்னார்.

நீ திருப்பி அனுப்புகிற கேரியர் புதன்கிழமை மாலை நான்கு மணி பஸ்ஸில் பழனியில் இறங்கும். வாங்க நானே நிலையத்தில் நிற்பேன்.

அண்ணன்,
ஞானவேல்