திரைக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 4, திங்கள்

மாமியாருக்கு இதய வால்வு மாற்றியாகிவிட்டது. தொண்டையில் விட்டிருந்த செயற்கை சுவாசக் குழாயையும் மாலையில் எடுத்துவிட்டார்கள். நாளைக் காலை கட்டில் ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும். நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆனவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் என் பிழைப்பு. இந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அதற்கு நான் ஒருவன்தான். ஆனால் உகாண்டாவில் எங்கள் புகாண்டா பகுதியில் மாப்பிள்ளை மாமியாரைத் தொடக்கூடாது, முகம் பார்க்கக்கூடாது. தொட்டால் கை நடுக்கம் வரும் என்பார்கள். கல்யாணமாகி ஏழு வருடம், அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 5

திரைக்கு இந்தப் பக்கம் நின்று நான் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் நர்ஸ் அபியோ செய்தாள். "தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கச் சொல்லு. கையை ஊன்ற விடாதே." அபியோ வடக்கே லாங்கோக்காரி, அவர்களுக்கு எங்கள் முறையெல்லாம் வேடிக்கை. "இவ்வளவு படிச்சுட்டு ரேடியோ மாதிரி மறைஞ்சு நின்னு பேசுறீங்களே" என்றாள்.

திரைக்கு அடியில் மாமியாரின் பாதம் தெரிந்தது. குதிகால் அப்படியே என் மனைவி நன்சாம்பாவுடையது. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

பிப்ரவரி 7

இரண்டு நாளாக எழ மறுக்கிறார். மாப்பிள்ளை காதுபட முனகிக்கொண்டு எழுந்திருப்பது முறையில்லையாம். இருமவும் மாட்டார். சளி கட்டினால் வம்பு.

பிப்ரவரி 8, வெள்ளி

நன்சாம்பா தோஹாவுக்கு வீட்டுவேலைக்குப் போய் இரண்டு வருடம். வெள்ளிதோறும் அந்த வீட்டுக்காரி பத்து நிமிடம் போன் தருவாள். குரல் மட்டும்.

"அம்மா நடந்தாளா?"

இல்லை என்றேன்.

"ஜூன்ல நான் வர்றப்ப அவ வாசல்ல நிக்கணும். ஊரையே நடக்க வைக்கிறீங்க, எங்கம்மாவ முடியாதா?"

போன் வைத்த பிறகு அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். போட்டோ இருக்கிறது. ஆனால் அவள் சிரிப்பது எப்படி என்று ஞாபகம் வரவில்லை. எனக்கு அவள் வேண்டும் — இதை யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 9

காய்ச்சல். "இன்னிக்கு நடக்கலைன்னா திரும்ப சுவாசக் குழாய்தான்" என்றார் டாக்டர். அபியோ எழுப்பினாள். மூன்றாவது அடியில் மாமியாருக்குக் கால் துவண்டது. திரையை எப்போது விலக்கினேன், தெரியாது. இரண்டு கையாலும் தாங்கிவிட்டேன்.

ஐயோ, என்ன செஞ்சேன்? பிடிக்காம எப்படி விடுறது?

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் நின்றார். இருமினார், சளி வந்தது.

பிப்ரவரி 10

டம்ளர் நிறைய தண்ணீர் எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். கை நடுங்கவில்லை.

பிப்ரவரி 11

காய்ச்சல் இறங்கிவிட்டது. "திரையை எடுக்கச் சொல்றாங்க உங்க மாமியார்" என்றாள் அபியோ. போய்த் தலைகுனிந்து நின்றேன்.

"கையை நீட்டுங்க மாப்பிள்ளை. நடுங்குதான்னு பாக்கணும்."

நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். தலையணையை அணைத்தபடி தானே எழுந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மககிட்ட சொல்லிறாதீங்க. ரெண்டு பேருக்கும் திட்டு விழும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். அதே சிரிப்பு.

ஜன்னல் வரை நடந்தோம். எத்தனை அடி என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். எண்ண மறந்துவிட்டேன்.